ஓராண்டில் அழிய வேண்டிய கடிதம்

எங்கள் பதிவறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பரீட்சை வைப்பேன். கையில் ஒரு கடிதத்தின் நகலைக் கொடுப்பேன், கையொப்பத்தை மட்டும் மறைத்துவிட்டு. தேதி 1912 பிப்ரவரி 9. திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு இளைஞர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு எழுதியது. தங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா இடம் ஒன்று காலியாக இருப்பதாக அறிகிறேன், மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. (அந்தக் காலத்து இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு) வரை படித்தேன், சில இடையூறுகளால் மேற்கொண்டு தொடர முடியவில்லை, இப்போது முழு நேரத்தையும் கணிதத்தில்தான் செலவிடுகிறேன், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

"இதுக்கு என்ன முடிவு போடுவீங்க?" என்று கேட்பேன்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். ஒரு கோப்பின் வேலை முடிந்ததும் அதன் தலையில் ஒரு சுருக்கெழுத்து விழும். ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம். மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. என்றால் நிரந்தரம், யாரும் தொடக்கூடாது. பழைய ஆட்கள் இவற்றை இன்றைக்கும் ஆங்கிலச் சுருக்கத்தில் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்றுதான் சொல்வார்கள். நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்திலும் இதே நடைமுறைதான், கொஞ்சம் முன்பின்னாக.

பரீட்சை எழுதுகிறவர்களில் அநேகமாக எல்லோரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். குமாஸ்தா வேலைக்கு வந்த மனு, ஓ.மு. சரியான விடை. நானும் அதைத்தான் போட்டிருப்பேன். அப்புறம்தான் கையொப்பத்தைக் காட்டுவேன்: எஸ். ராமானுஜன். அதே 1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து கணிதவியலர் ஹார்டி அவருக்கு எழுதிய முதல் பதிலின் தேதி 1913 பிப்ரவரி 8. நாள் கணக்குப் பார்த்தால், அந்த மனுவின் ஓராண்டுக் கெடு முடிவதற்குச் சரியாக முந்தின நாள்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரே முடிவுதான் தோன்றும்: அப்படியானால் எதையும் எறியக்கூடாது. ஆவணக் காப்பாளராக இருபது வருடம் ஓட்டிய பிறகு எனக்குத் தெரிந்தது இதற்கு நேர் எதிர். எதையும் எறியாத இடத்தில்தான் எல்லாம் போகிறது.

கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனையாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும். 1913-14இல் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். கணிதம் தெரியாத எழுத்தர்கூட அவற்றுக்கு நி.மு. போட்டிருப்பார், சந்தேகமே வேண்டாம். அந்த மூன்றின் மூலப்படிகளும் இன்று இல்லை. 1925இல் ஒருவர் உட்கார்ந்து கையால் எடுத்த படி ஒன்று இருந்ததால்தான் உள்ளே என்ன இருந்தது என்றாவது உலகத்துக்குத் தெரியும். ஓராண்டில் அழிய வேண்டிய கடிதம் தங்கிவிட்டது, என்றென்றும் இருக்க வேண்டிய அறிக்கை போய்விட்டது. பதிவறை வேலை என்னவென்று கேட்டால், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

பல்கலைக்கழகம் என்றால் வெளியே இருப்பவர்களுக்கு வகுப்பறையும் பட்டமளிப்பு விழாவும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது காகிதம். ஆட்சிக்குழு, ஆட்சிப்பேரவை, கல்விப்பேரவைக் கூட்டக் குறிப்புகள். மதிப்பெண் பதிவேடுகள், பட்டமளிப்புப் பதிவேடுகள். ஊழியர்களின் பணிப்பதிவேடுகள். புதுக் கல்லூரிக்கு இணைப்புக் கொடுக்கலாமா என்று போய்ப் பார்த்து வந்த குழுக்களின் அறிக்கைகள். முனைவர் பட்ட ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர்கள் அனுப்பிய கருத்துரைகள். விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு, பஸ் டீசல் வவுச்சர், நாற்காலி பழுதுபார்த்த பில். இவற்றுக்கெல்லாம் மேலே மலைபோல விடைத்தாள்கள். ஒரு பருவத்தின் விடைத்தாளை இறக்கி வைக்கவே தனியாக ஒரு கொட்டகை வேண்டும்.

இதில் நிரந்தரமாக நிற்க வேண்டியது மிகச் சிறிய பங்குதான். எது அந்தப் பங்கு என்பதில்தான் உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள். இங்கிலாந்தில் ஜென்கின்சன் 1922இல் ஒன்று சொன்னார்: காப்பாளர் தேர்ந்தெடுக்கவே கூடாது, எது வேண்டும் எது வேண்டாம் என்பதை அந்தக் காகிதத்தை உருவாக்கிய அலுவலகம்தான் முடிவு செய்ய வேண்டும், காப்பாளர் கைவைத்தால் அவருடைய ருசி சாட்சியத்துக்குள் புகுந்துவிடும். அமெரிக்காவில் ஷெல்லன்பெர்க் 1956இல் இதைத் திருப்பிப் போட்டார். இரண்டாம் உலகப் போர் கொட்டிவிட்டுப் போன காகிதக் குவியலுக்கு முன்னால் நின்றவர் அவர். யாராவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அலுவலகத்துக்கு அன்றாட வேலைக்கு உதவுகிற மதிப்பு வேறு, நாளைக்கு ஆராய்ச்சிக்கு உதவுகிற மதிப்பு வேறு, இரண்டாவதை எடைபோடுவது காப்பாளரின் வேலை என்றார்.

நம்மூரில் இரண்டு பேர் சொன்னதும் நடப்பதில்லை. அலுவலகமும் தேர்ந்தெடுப்பதில்லை, காப்பாளரும் தேர்ந்தெடுப்பதில்லை. ராமபாணப் பூச்சி தேர்ந்தெடுக்கிறது.

காரணம் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது நியாயமாக இருக்காது. உண்மையான காரணம் பயம். ஒரு கோப்பை அழிக்க வேண்டுமென்றால் பட்டியல் போட வேண்டும், அதில் தணிக்கைத் தடை எதுவும் நிலுவையில் இல்லை, நீதிமன்ற வழக்கு இல்லை, ஓய்வூதியப் பிரச்சினை இல்லை என்று சம்பந்தப்பட்ட பிரிவு எழுதித் தர வேண்டும், ஒரு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட யாருக்கும் மனது வராது. நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? அழிக்காமல் விட்டதற்காக யாருக்கும் மெமோ வந்ததில்லை. அதனால் 1980களின் டீசல் வவுச்சர் 1930களின் ஆட்சிக்குழுக் குறிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். மேலே கூரை ஒழுகும்போது இரண்டும் சேர்ந்துதான் நனையும். அறையில் இடமில்லாமல் போனால் ஒரு சனிக்கிழமை யாராவது ஒரு லாரியை வரவழைப்பார்கள். அந்த லாரியில் என்ன போனது என்பதற்கு எந்தப் பட்டியலும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசு சார்ந்த அமைப்புகளுக்கு 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. 1892க்கு முந்தைய ஆவணம் எதையும், இனி எந்த வகையிலும் பயன்படாத அளவுக்குச் சிதைந்து போனால் ஒழிய, அழிக்கக்கூடாது என்று அது சொல்கிறது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் இதன் கீழ் நேரடியாக வருவதில்லை. ஆனால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பொது அமைப்பும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அகரவரிசைக் குறிப்போடு வைத்திருக்க வேண்டும் என்பது அதன் நான்காம் பிரிவின் முதல் வரியிலேயே வருகிறது. மனு போடுகிறவர்கள் இந்தப் பிரிவை அதிகம் கவனிப்பதில்லை. எங்களுக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான்.

விடைத்தாள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2011இல் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. தேர்வு எழுதியவருக்குத் திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்றது. செய்தித்தாளில் அந்தப் பாதிதான் பெரிதாக வந்தது. தீர்ப்பில் இன்னொரு பாதியும் இருந்தது: எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று அந்த அமைப்பின் விதி சொல்கிறதோ அந்தக் காலம் வரைதான் அந்த உரிமை. விதிப்படி அழித்தபின் வந்து கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. விதிப்படி அழித்ததற்கு அத்தாட்சி வேண்டும், அவ்வளவுதான். அழிப்புப் பட்டியல் என்ற அந்த நான்கு பத்திக் காகிதம் ஒரு அலுவலகத்தை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று அன்றைக்குப் பலருக்குப் புரிந்தது. பழைய டீசல் வவுச்சரை அழிக்கக் கொடுத்துவிட்டு அந்தப் பட்டியலுக்கு நி.மு. போட வேண்டும். இதை நான் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் விதியே அப்படித்தான்.

அன்றாட வேலையில் எங்களை அதிகம் தேடி வருவது ஆராய்ச்சியாளர்கள் அல்ல. உண்மைத்தன்மை. அரசு வேலைக்குச் சேர்ந்தவர், பதவி உயர்வுக்குப் போகிறவர், வெளிநாட்டுக்குப் போகிறவர் என்று ஒவ்வொருவரின் சான்றிதழும் அசல்தானா என்று கேட்டுக் கடிதம் வரும். அதற்கு மதிப்பெண் பதிவேட்டைத் திறக்க வேண்டும். பழைய பதிவேடுகள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் அளவுக்குக் கனமானவை. கையால் எழுதியது இன்றும் பளிச்சென்று இருக்கிறது. 1990களில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த பக்கங்கள் மங்கிப்போய், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ரிப்பன் தேய்ந்த வாரத்தில் யார் தேர்வு எழுதினார்களோ அவர்கள் பாடு திண்டாட்டம்.

ஒரு தடவை ஓய்வு பெறப்போகும் ஆசிரியர் ஒருவருக்குப் பதிவேட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து வேறாக இருந்தது. பதிவேட்டில் அதைத் திருத்திய அடையாளம் ஏதும் இல்லை. திருத்தம் கேட்டு அவர் அந்தக் காலத்தில் மனுப் போட்டதாகச் சொன்னார். அந்த மனு எந்த வகை? மூன்றாண்டு. போய்விட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவில் யாரும் எதையும் அழித்ததில்லை, எங்கோ இருக்கத்தான் வேண்டும். பதினொரு நாள் தேடினேன். இருப்பது நிச்சயம், கிடைக்காததும் நிச்சயம். அழித்திருந்தால் முதல் நாளே அழித்த பட்டியலைப் பார்த்து, இல்லை என்று எழுதிக் கொடுத்து, மாற்று வழி காட்டியிருப்பேன்.

இந்த வேலை ஏன் நூலகத்தின் கீழ் வருகிறது என்பது தனிக் கதை. பல இடங்களில் பதிவறை பதிவாளர் அலுவலகத்தோடு ஒட்டியிருக்கும். பழையது என்று முத்திரை விழுந்ததும் அது நூலகத்துக்குத் தள்ளப்படும். ஆக்ஸ்ஃபோர்டில் பிரையன் ட்வைன் என்பவரை 1634இல் முதல் ஆவணக் காப்பாளராக வைத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆவணங்கள் போட்லியன் நூலகக் கோபுரத்தில்தான் குடியிருக்கின்றன. பழையது, காகிதம், அலமாரியில் இருக்கிறது, ஆகவே நூலகம். இந்தத் தர்க்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது.

நூலகம் என்றால் நம் பக்கத்தில் ரங்கநாதன். கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். நூலக அறிவியல் படித்து வந்த எவருக்கும் அவருடைய பாதிப்பு ரத்தத்தில் இருக்கும்: எதைப் பார்த்தாலும் பொருள் என்ன என்று கேட்டு, பொருளின்படி பிரித்து, எண் போடுவோம். புத்தகத்துக்கு அது அற்புதமான முறை. ஒரு புத்தகம் இங்கே இல்லாவிட்டால் வேறு நூலகத்தில் இருக்கும், பக்கத்து அலமாரிக்கு மாற்றினாலும் அதன் அர்த்தம் மாறாது. ஆவணம் அப்படியல்ல. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதன் அர்த்தத்தில் பாதி அதன் பக்கத்தில் என்ன இருந்தது என்பதில் இருக்கிறது.

பிரான்சில் 1841இல் நத்தாலிஸ் த வெய்லி ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். ஒரு அலுவலகத்திலிருந்தோ குடும்பத்திலிருந்தோ வந்த காகிதத்தை வேறொன்றோடு கலக்காதே, பொருள்வாரியாகப் பிரித்துக் கொட்டாதே என்பது அதன் சாரம். ஹாலந்தில் 1898இல் மூன்று பேர் சேர்ந்து இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள்: வந்த வரிசையையும் கலைக்காதே. எங்கள் தொழிலின் அடித்தளமே இந்த இரண்டு வரிதான்.

இதை நான் படித்துத்தான் இருந்தேன். இருந்தும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் இதே தப்பைச் செய்தேன். ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியரின் வீட்டிலிருந்து நான்கு அட்டைப்பெட்டி வந்தது. அழைப்பிதழ்கள், கடிதங்கள், கட்டுரைப் படிகள், ரயில் டிக்கெட், டாக்டர் சீட்டு என எல்லாம் கலந்து கிடந்தன. நல்ல பிள்ளையாக உட்கார்ந்து இரண்டு நாளில் பிரித்தேன். அழைப்பிதழ் ஒரு கட்டு, கடிதம் தேதிவாரியாக ஒரு கட்டு, கட்டுரைகள் தலைப்புவாரியாக ஒரு கட்டு. துருப்பிடித்த குண்டூசிகளையெல்லாம் எடுத்து ஒரு டப்பாவில் போட்டேன், பெருமையாக இருந்தது. அடுத்த வருடம் அவருடைய மாணவி ஒருவர் வந்து, ஒரு குறிப்பிட்ட கருத்தரங்கில் அவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார், அதற்கு யார் எழுதிய கடிதம் காரணம் என்று தேடினார். அழைப்பிதழ் இருந்தது. அதன் பின்னால் குண்டூசியில் என்ன குத்தியிருந்தது என்பது தெரியவில்லை. அந்தக் குண்டூசிதான் விடை. அது டப்பாவில் மற்ற முந்நூறு குண்டூசிகளோடு கிடந்தது.

இப்போதும் துருப்பிடித்த ஊசியை எடுக்கத்தான் செய்கிறோம், விட்டால் காகிதத்தை ஓட்டை போட்டுவிடும். ஆனால் எடுத்த கையோடு, எவையெல்லாம் சேர்ந்திருந்தனவோ அவற்றை ஒரே மடிப்புத் தாளுக்குள் வைத்து, பென்சிலால் வரிசை எண் எழுதிவிடுகிறோம். பென்சிலால் மட்டும். பேனா எடுத்து வருகிறவரை உள்ளேயே விடுவதில்லை.

ராமானுஜன் கடிதத்தைக் கொடுத்த பரீட்சையில் ஒரே ஒருவர் மட்டும் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்டார். "சார், இவருக்கு வேலை கிடைச்சுதா?" கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கிடைத்திருந்தால் அந்த மனு பணிக் கோப்பில் போய்ச் சேரும், ஆயுசு நீளும். கிடைக்காவிட்டால் மற்ற மனுக்களோடு கட்டாகக் கட்டி ஓராண்டில் போய்விடும். காகிதம் அதேதான், எழுத்தும் அதேதான். எந்தக் கட்டில் கிடக்கிறது என்பதுதான் அதன் விதி. 1912இல் அந்த இடத்துக்கு வேறு யார் யாரெல்லாம் மனுப் போட்டார்களோ, அவர்களில் எவரையும் நாம் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

ராமானுஜனின் இன்னொரு காகிதக் கட்டுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் கை மாறும்போது என்ன நடக்கிறது என்பது புரியும். அவருடைய மூன்று நோட்டுப் புத்தகங்கள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 1957இல் டாடா ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைப் படமெடுத்து அச்சிட்டது. ஆனால் அவர் கடைசி ஆண்டில் எழுதிய தனித்தாள்கள் வேறு வழியில் போயின. 1920இல் அவர் இறந்தபின் கையெழுத்துத் தாள்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. 1923 ஆகஸ்ட் 30 அன்று பதிவாளர் டியூஸ்பரி ஒரு கட்டை ஹார்டிக்கு அனுப்பினார். அந்தத் தனித்தாள்கள் அநேகமாக அதில்தான் போயிருக்க வேண்டும். ஹார்டியிடமிருந்து இன்னொரு கணிதவியலரான வாட்சனுக்கு. வாட்சன் 1965இல் காலமானார். இரங்கல் குறிப்பு எழுதுவதற்காக அவர் வீட்டுக்குப் போன விட்டேக்கர் என்ற கணிதவியலர் கண்டது, ஒரு அறை முழுக்க ஓரடி உயரத்துக்குக் கலைந்து கிடந்த காகிதம், சில நாளில் எரிக்கப்படவிருந்தது. கைக்கு வந்ததை அள்ளினார். அந்த அள்ளலில் ராமானுஜனின் தாள்கட்டும் வந்தது. ராங்கின் என்ற கணிதவியலர் வழியாக 1968 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போனது. 1976இல் அமெரிக்கக் கணிதவியலர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, அடையாளம் கண்டுகொண்டார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள்.

உலகம் அதைத் தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று அழைக்கிறது. எங்களுக்கு இந்தப் பெயரில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அது நோட்டுப் புத்தகமும் அல்ல, 1968க்குப் பிறகு தொலைந்திருக்கவும் இல்லை. நூலகத்துக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. அது அங்கே இருக்கிறது என்ற செய்திதான் கணிதக்காரர்களிடம் போய்ச் சேரவில்லை.

எங்கள் வேலையில் வரவுப் பதிவேடு என்று ஒன்று உண்டு. எந்தத் தேதி, யாரிடமிருந்து, எத்தனை கட்டு, எந்த நிலையில், என்ன நிபந்தனையில் வந்தது என்று ஐந்து பத்தி. வெளியே போனாலும் அதே மாதிரி ஒரு வரி. பட்டியல் தயாரிப்பது அதற்குப் பிறகு வரும் பெரிய வேலை, வருடக்கணக்கில் இழுக்கும். ஒரு கட்டை முழுசாகப் பிரித்துத் தாள்தாளாகப் பட்டியல் போட்டால்தான் வெளியே விடுவேன் என்று அடம்பிடிக்கும் காப்பாளர்கள் இருக்கிறார்கள், நானும் முன்பு அப்படித்தான். இப்போது கட்டு வந்த வாரமே இரண்டு வரியாவது எழுதி வெளியே வைத்துவிடுகிறேன். யாருடைய காகிதம், எந்த வருடங்கள், தோராயமாக என்ன. அந்த இரண்டு வரி 1968இல் கணித இதழ் ஒன்றில் வந்திருந்தால் எட்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

பூச்சி, ஈரம், கரையான் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். துணிக்கூழில் செய்த பழைய காகிதம் இருநூறு வருடம் ஆனாலும் நிற்கும். மரக்கூழில் செய்ததற்கு உள்ளேயே அமிலம் இருக்கிறது, தன்னைத்தானே தின்னும். அதனால்தான் 1850இன் பக்கம் மடங்குகிறது, போர்க்கால 1943இன் பக்கம் பிஸ்கட் மாதிரி ஒடிகிறது. இரண்டாவது, ஏசி. பகலில் குளிரவைத்து, அதிகாரி வீட்டுக்குப் போனதும் அணைத்துவிடும் ஏசியைவிட, ஏசியே இல்லாத காற்றோட்டமான அறை நல்லது. காகிதம் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும், தினமும் சுருங்கி விரிவதைப் பொறுத்துக்கொள்ளாது. சம்பந்தமில்லாமல் ஒன்று: உங்கள் பட்டச் சான்றிதழைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பிறகு உரிக்க முடியாது, எங்களிடம் கொண்டுவந்தாலும்.

ஸ்கேன் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது இன்றைய நம்பிக்கை. ஸ்கேன் என்பது ஒரு படி, அந்தப் படிக்கும் ஆயுள் உண்டு. எங்கள் அலுவலகத்தில் 1998 முதல் 2010 வரை தட்டச்சு செய்த கோப்புகள் சில நூறு இருக்கின்றன. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. காகிதமாக இருந்தால் படிக்கலாம். கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் என்ற சொல்லே பாமினியில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஒரு ஆட்சிக்குழுத் தீர்மானம் முழுவதும் இப்படித் திரையில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்தால் மாற்றிவிடலாம், மாற்றிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகு வந்தவை தப்பித்தன. நடுவில் ஒரு பத்துப் பன்னிரண்டு வருடம், ஓலைச்சுவடியைவிடப் படிக்கக் கடினமான தமிழை நாம் உற்பத்தி செய்திருக்கிறோம்.

அதனால் இப்போது மின்கோப்பு ஒன்று வந்தால் மூன்று காரியம் செய்கிறோம். எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று பதிவு. கோப்பின் ஒவ்வொரு பிட்டையும் கூட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு சரிபார்ப்பு எண், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி கணக்கிட்டு அதே எண் வருகிறதா என்று பார்ப்போம், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எண் மாறிவிடும். அப்புறம் வேறு கட்டடத்தில் ஒரு படி. கட்டடம் வேறாக இருக்க வேண்டும் என்பது நான் தென்னாப்பிரிக்காவிலிருந்து கற்றுக்கொண்டது.

2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மலைச் சரிவில் பிடித்த தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. ஜாகர் நூலகத்தின் வாசிப்புக் கூடம் கூரையோடு எரிந்தது. ஆப்பிரிக்கவியல் அச்சு நூல்களில் சுமார் 70,000 போயின. தீத்தடுப்புக் கதவுகள் தானாக இறங்கியதால் அடித்தளத்தில் பெட்டிகளில் இருந்த ஆவணங்களில் பெரும்பகுதி தப்பியது, தீயை அணைத்த தண்ணீர் உள்ளே இறங்கினாலும். தன்னார்வலர்கள் கூடை கூடையாக அள்ளி வெளியே கொண்டுவந்து, நனைந்ததை உறைய வைத்துக் காப்பாற்றினார்கள். எரிந்துபோனவற்றில் இன்னொரு வகை உண்டு. பட்டியலிடுவதற்காகவும் ஸ்கேன் செய்வதற்காகவும் பெட்டியிலிருந்து எடுத்து மேலே கூடத்தில் வைத்திருந்த கையெழுத்துப் படிகள். அந்தச் செய்தியைப் படித்த அன்று மாலை என் மேசையைப் பார்த்தேன். ஏழு கட்டு பிரித்தபடி கிடந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் விளக்கை அணைக்கும் முன் மேசை காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் திட்டுகிறார்கள்.

வேலை கேட்டு வரும் மனுக்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வைக்க முடியாது, எல்லாவற்றையும் அழிக்க மனசு வரவில்லை. எனவே மாதிரி எடுக்கிறோம். ஐந்தில் முடியும் ஆண்டுகளின் மனுக் கட்டுகளை, வேலை கிடைத்தவர் கிடைக்காதவர் என்று பார்க்காமல், ஒரு தாள் விடாமல் முழுசாக வைப்பது. மற்ற ஆண்டுகளைக் கெடு முடிந்ததும் பட்டியல் போட்டு அனுப்பிவிடுவது. நல்ல மனுவாகப் பொறுக்கி எடுப்பதில்லை. பொறுக்கினால் ஜென்கின்சன் சொன்ன மாதிரி என் ருசி உள்ளே வந்துவிடும். ஐந்து என்ற எண்ணுக்கு ருசி கிடையாது.

எதிர்க்கேள்வி கேட்டவர் இந்த விதியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நகலை எடுத்துத் தேதியைப் பார்த்தார்.

"1912 ரெண்டுல முடியுதே சார்."

"ஆமாம்."

"வேலை கிடைக்காம இருந்திருந்தா, நம்ம கணக்குப்படி இது போயிருக்கும்."

"போயிருக்கும்."

அவர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். அன்றைக்கு நானூற்றுச் சொச்சம் மனுக்களின் அழிப்புப் பட்டியல் மேசையில் இருந்தது, 2022ஆம் ஆண்டுக் கட்டு. பேனாவைக் கொடுத்து முதல் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னேன். போடுவதற்கு முன் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு மணி மூன்றாகிவிட்டது.